குறுக்குக் கேள்வி: கேட்கும் முறையும் பதில் சொல்லும் முறையும்

467 கிணறுகளில் 350 கெட்டுப்போய்விட்டன. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிலைப் பற்றி ஒரு விவாத மேடை போட்டால், யாராவது ஒருவர் இந்தக் கணக்கை எடுத்துவிட வாய்ப்பு அதிகம். 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிற கணக்கு அது. சொன்ன மாத்திரத்தில் அரங்கம் அமைதியாகும், அடுத்த நொடி கைதட்டல் விழும். அந்த நேரத்தில் எதிரணி மாணவி ஒருத்தி எழுந்து, குரலை உயர்த்தாமல், "அந்த 467 கிணறுகள் எந்த ஊரில் இருக்கின்றன?" என்று கேட்டால் என்ன ஆகும்?

விடை, திண்டுக்கல். தன்னார்வ அமைப்பு ஒன்று திண்டுக்கல் வட்டாரத்து 13 கிராமங்களில் எடுத்த கணக்கு அது. வழக்கைத் தொடுத்தது வேலூர்க்காரர்களின் குடிமக்கள் நல மன்றம். வழக்கின் பெயரிலும் வேலூர் இருக்கிறது. அதனால் தீர்ப்பில் உள்ள எல்லா எண்ணும் பாலாற்றங்கரைக்கே உரியது என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆறு சொற்களில் கேட்ட ஒரு கேள்வி அவ்வளவு நேரம் கட்டிய பேச்சை ஆட்டிவிடும்.

ஆனால் பேசியவர் தயாராக வந்திருந்தால் அதே கேள்வி அவருக்கே உதவும். "திண்டுக்கல்லில் எடுத்தது. இதே தீர்ப்பில் நம் பக்கத்துக்கும் கணக்கு இருக்கிறது. வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம், தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறது." தவறை மறைக்காமல் ஊரைச் சொல்லிவிட்டார். அடுத்த வாக்கியத்தில் அதைவிடக் கனமான ஒன்றை, இந்த மண்ணுக்கே உரியதை, வைத்துவிட்டார். அரங்கம் மறுபடி அவர் பக்கம்.

கேள்வி நேரத்தில் வெற்றியும் தோல்வியும் இந்த அளவு மெல்லிய இடத்தில்தான் நடக்கின்றன. எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற மூன்றையும் அறியாமல் ஒரு எண்ணை மேடைக்குக் கொண்டுபோகக் கூடாது. எதிரணி சொல்லும் எண்ணையும் இந்த மூன்றைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. தமிழில் இது புதிய பாடமும் அல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலை வஞ்சி நகரத்தில் பல சமயத்தாரிடம் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் அவள் போய் நிற்பது அளவைவாதியிடம். ஒன்றை உண்மை என்று எதை வைத்து அறிகிறோம் என்பதுதான் அவன் பேசும் பொருள். கொள்கைகளை எடைபோடும் முன் அளவைகளைப் பற்றிக் கேட்டுக்கொள்ளும் அந்த வரிசை இன்றைய விவாத மேடைக்கும் அப்படியே பொருந்தும்.

பட்டிமன்றப் பழக்கமும் விவாத மேடையும்

நம் பிள்ளைகள் பெரும்பாலும் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள். குன்றக்குடி அடிகளார் ஊர் ஊராகக் கொண்டுபோன அந்த வடிவம், சாலமன் பாப்பையா காலத்தில் தொலைக்காட்சி வழியாக வீட்டுக் கூடத்துக்கே வந்தது. பேச்சின் ஓட்டம், நகைச்சுவை, நேரக் கட்டுப்பாடு எல்லாம் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். ஆனால் எதிரணியை நேரே நிறுத்திக் கேள்வி கேட்கும் நேரம் என்று தனியாக ஒன்று அங்கே இல்லை. பேச்சாளர் கேட்கும் கேள்விகள் சபையைப் பார்த்துக் கேட்பவை. பதில் எதிர்பார்த்துக் கேட்பவை அல்ல. இந்தப் பழக்கத்தோடு கல்லூரி விவாதப் போட்டிக்குப் போகிறவர் முதல் சுற்றிலேயே தடுமாறுவார்.

பல கல்லூரிப் போட்டிகளில் பின்பற்றும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற முறையில் ஒருவருக்கு 7 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் யாரும் குறுக்கிடக் கூடாது. நடுவில் உள்ள 5 நிமிடத்தில் எதிரணியினர் எழுந்து நிற்கலாம். பேசுபவர் அனுமதித்தால் 15 விநாடிக்குள் கேட்டு முடிக்க வேண்டும். அனுமதிக்காமலும் போகலாம். ஆனால் ஒன்றைக்கூட ஏற்காமல் பேசி முடித்தவர் பயந்துவிட்டார் என்றே நடுவர்கள் எடுத்துக்கொள்வார்கள். குறுக்கு விசாரணை முறையில் ஒவ்வொரு முதன்மைப் பேச்சுக்குப் பிறகும் எதிரணிக்கு 3 நிமிடம் போல ஒதுக்கிவிடுவார்கள். கேட்பவர் கேட்டுக்கொண்டே இருக்கலாம், பேசியவர் நின்று பதில் சொல்லியாக வேண்டும். 15 விநாடிக் கேள்வி ஒரே அடி. 3 நிமிட விசாரணை ஒரு தொடர். இரண்டுக்கும் தயாரிப்பு வேறு.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது?

கேள்வி எழுதுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்தப் பொருளில் நிரூபிக்க வேண்டியவர் யார்? "ஆலைக் கழிவால்தான் கிணறு கெட்டது என்று காட்டுங்கள்" என்பது ஒரு கேள்வி. "ஆலைக் கழிவால் கிணறு கெடவில்லை என்று காட்டுங்கள்" என்பது இன்னொன்று. விஷயம் ஒன்றே. ஆனால் முதலாவதில் விவசாயி கூண்டில் நிற்கிறார், இரண்டாவதில் ஆலை முதலாளி நிற்கிறார். கேள்வியின் பலத்தில் பாதி இந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய வேலூர்த் தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் மைல்கல்லாக நிற்பதற்கு ஒரு காரணம் இதுதான். மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்பதையும், கேடு வரும் என்று தெரிந்தால் அறிவியல் முழுத் தெளிவு தரும்வரை காத்திருக்காமல் தடுக்க வேண்டும் என்பதையும் அது நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. கூடவே, தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருக்கே உரியது என்றும் சொன்னது.

விவாத மேடை நீதிமன்றம் அல்ல. தீர்ப்பு சொல்லிவிட்டது என்று நடுவரைக் கட்டிப்போட முடியாது. ஏன் பொறுப்பு அந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணமும் அதே தீர்ப்பில் கிடைக்கிறது. குரோம் முறையில் தோல் பதனிட சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்று அது குறிப்பிடுகிறது. எந்தத் தொட்டியில் எதை, எவ்வளவு போட்டோம் என்பது ஆலைக்குத் தெரியும். கிணற்றில் வாளி விடும் விவசாயிக்குத் தெரியாது. தகவல் யார் கையில் இருக்கிறதோ அவரிடமே விளக்கம் கேட்பது நியாயம். இப்படி ஒரு வரியில் காரணம் சொல்லிவிட்டுக் கேட்டால், எதிரணி பொறுப்பைத் திருப்பித் தள்ளுவது கடினம்.

தீர்மானத்தை வெட்டிப் பேசும் அணிக்கும் இதே பாடம் உண்டு. "ஆலைகளை மூட வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவந்தால், மூடுவதால் வரும் விளைவைக் காட்டும் பொறுப்பு தீர்மானத்தை ஒட்டிப் பேசுபவர்களுடையது. "எத்தனை பேருக்கு வேலை போகும், அவர்களுக்கு என்ன ஏற்பாடு?" என்ற கேள்விக்கு அவர்கள் மாற்றுத் திட்டத்தோடு வரவேண்டும்.

நன்னூலில் படித்தது

பள்ளியில் வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். அது வீணாகப் போகக் கூடாத பாடம். பவணந்தி முனிவர் வகுத்த விடை வகைகள் விவாதக்காரருக்கு நல்ல ஆயுதம்.

எதிரணியிடம் "நீங்கள் சொல்லும் ஆலைக்குப் பொது சுத்திகரிப்பு நிலைய இணைப்பு உண்டா?" என்று கேட்டதாக வைத்துக்கொள்ளலாம். "அதோ, அந்தக் குழாய்தான்" என்றால் சுட்டு விடை. "இல்லை" என்றால் மறை விடை. "உண்டு" என்றால் நேர் விடை. இந்த மூன்றும் வெளிப்படையான விடைகள். மீதி ஐந்தும் குறிப்பாக உணர்த்துபவை. "நீங்களே போய்ப் பாருங்கள்" என்பது ஏவல். "இணைப்பு இல்லாமலா இத்தனை வருஷம் நடத்துவார்கள்?" என்பது வினா எதிர் வினாதல். "போன வருஷம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்" என்பது உற்றது உரைத்தல். "இணைப்பு இல்லையென்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்கள்" என்பது உறுவது கூறல். "பக்கத்து ஆலைக்கு இணைப்பு உண்டு" என்பது இனமொழி.

அன்றாடப் பேச்சில் இந்த ஐந்தும் இயல்பானவை, சில சமயம் நயமானவையும்கூட. விவாத மேடையிலோ இவை பெரும்பாலும் தப்பிக்கும் வழிகள். கேட்பவர் அந்த இடத்திலேயே இனம் கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொண்டதும் சண்டைக்குப் போகாமல், கேள்வியை அதே சொற்களில் ஒருமுறை மீண்டும் கேட்டால் போதும். இரண்டாவது முறையும் நேர் விடை வராவிட்டால், "உண்டா இல்லையா என்பதற்கு விடை வரவில்லை என்பதை நடுவர் குறித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். மூன்றாவது முறையும் அதையே கேட்டால் அரங்கின் பரிவு பதில் சொல்பவர் பக்கம் சாய்ந்துவிடும்.

ஆறு வகை வினாவில் விவாதத்துக்கு மிக உதவுவது அறிவினா. விடை தெரிந்தே கேட்பது. ஆசிரியர் மாணவரிடம் கேட்பதைத்தான் எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் தரும். குறுக்கு விசாரணையில் வக்கீல்கள் செய்வதும் அதுவே. விடை தெரியாத கேள்வியை எதிரணியிடம் கேட்டால், மேடையை அவர்களிடம் இலவசமாகக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அறியாவினா, ஐயவினா இரண்டையும் தயாரிப்பு நாட்களிலேயே கேட்டு முடித்துவிட வேண்டும். நூலகத்தில், ஆலையில் வேலை செய்யும் உறவுக்காரரிடம், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். 10 ரூபாய்க் கட்டணத்தில் 30 நாளில் பதில் வரவேண்டிய வழி இருக்கும்போது, எதிரணியிடம் போய் விவரம் கேட்பது வீண்.

கேள்வியின் அளவும் வடிவமும்

மக்களவை விதிகளில் 41ஆம் விதியை விவாதக்காரர் ஒவ்வொருவரும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். உறுப்பினர் கேட்கும் கேள்வி பொதுவாக 150 சொல்லைத் தாண்டக் கூடாது. அதில் வாதம் இருக்கக் கூடாது. கேட்பவராகவே எடுக்கும் முடிவு, குத்தல், பட்டப்பெயர், அவதூறு எதுவும் கூடாது. கருத்தைக் கேட்கக் கூடாது. நடக்காத ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு கேட்கக் கூடாது. இதெல்லாம் சபை நாகரிகத்துக்கான விதி என்று தோன்றும். உண்மையில் கேள்வியைக் கூர்மையாக்கும் விதியும் இதுதான்.

"பாலாற்றையே சாகடித்துவிட்டு, லட்சக்கணக்கான விவசாயிகள் வயிற்றில் அடித்துவிட்டு, இப்போது வேலைவாய்ப்பு என்று பேசுவதற்கு உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா?" இதில் கேள்வி எங்கே இருக்கிறது? மனசாட்சி இருக்கிறதா என்பதற்கு "இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எதிரணி தன் பேச்சைத் தொடரலாம். 15 விநாடியும் போய்விட்டது. அதே கோபத்தை, "கழிவுநீரில் கரைந்துள்ள உப்புக்கு வாரியம் வைத்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். அந்த வரம்பை நீங்கள் ஏற்கிறீர்களா?" என்று கேட்டால், இரண்டு பக்கமும் வழி அடைபடுகிறது. ஏற்கிறேன் என்றால் அந்த அளவுக்குள் இருந்ததைக் காட்ட வேண்டும். ஏற்கவில்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வி உண்மையிலேயே நீதிமன்றத்தில் எழுந்தது. வாரியம் வைத்த வரம்புக்கு நியாயமில்லை என்று ஆலைகள் தரப்பு வாதிட்டபோது, இரு தரப்பையும் மோதவிட்டுக் கொண்டிருக்காமல் உச்ச நீதிமன்றம் அதை நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்திடம் விட்டது. வரம்பு நியாயமானதே என்று அந்நிறுவனம் சொன்ன பிறகு அந்த வாதத்துக்கு இடமில்லாமல் போனது. அளவுகோலையே எதிரணி மறுத்தால், இரு தரப்பும் மதிக்கும் மூன்றாவது ஆளின் அளவுகோலைத் தேடிக் கையில் வைத்திருப்பது நல்லது. தோல் விஷயத்தில் அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அப்படி ஒரு ஆள்.

பொதுவாகக் கேட்பதைவிட விவரமாகக் கேட்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நாடாளுமன்றத்தில் பழைய சாட்சி ஒன்று உண்டு. எல்.ஐ.சி. பணம் 1957இல் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனப் பங்குகளில் போடப்பட்டதைப் பற்றி மக்களவையில் கேள்விகள் எழுந்தன. "முறையாக முதலீடு செய்தீர்களா?" என்ற அளவில் நின்றிருந்தால், ஆமாம் என்ற பதிலோடு முடிந்திருக்கும். ஃபெரோஸ் காந்தி போன்றவர்கள் வாங்கிய விலையையும் சந்தை விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சாக்ளா ஆணையம் அமைந்தது. நிதியமைச்சராக இருந்த தமிழர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலகினார்.

ஒரு தொடர், நெருங்கிப் பார்த்தால்

3 நிமிடக் குறுக்கு விசாரணைக்கு மாதிரியாக ஒரு தொடரைப் பார்க்கலாம். தீர்மானம்: பாலாற்றுப் படுகையில் புதிய டேனரிகளுக்கு இனி அனுமதி தரக் கூடாது. வெட்டிப் பேசியவர், இன்றைய ஆலைகளில் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போவதில்லை, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்று முடித்திருக்கிறார். ஒட்டி அணி எழுகிறது.

"கழிவுநீர் ஆற்றுக்குப் போவதே இல்லை என்றீர்கள். சரிதானே?"

"சரிதான்."

"மண்டியிலிருந்து ஆலைக்கு வரும் பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தானே வருகிறது?"

"ஆமாம். இல்லாவிட்டால் அழுகிவிடும்."

"ஊறப் போட்டதும் அந்த உப்பு தண்ணீரில் இறங்கிவிடும் இல்லையா?"

"இறங்கும்."

"நுண்ணுயிரை வைத்துச் சுத்திகரிக்கும் தொட்டியில் உப்பு அழியுமா?"

"அழியாது. அதற்காகத்தான் ஆர்.ஓ. வைத்திருக்கிறோம். அதில் மிஞ்சுவதை ஆவியாக்கி எடுக்கிறோம்."

"ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் உப்பு எங்கே போகிறது?"

ஒவ்வொரு கேள்வியிலும் ஒரே ஒரு செய்திதான் இருக்கிறது. முதல் நான்கையும் யாராலும் மறுக்க முடியாது. மறுத்தால் தொழில் தெரியாதவர் என்று பெயர் வரும். நான்கு முறை ஒப்புக்கொண்ட பிறகு ஐந்தாவது கேள்வி வேண்டுமென்றே திறந்து விடப்பட்டிருக்கிறது. ஏனென்றால் விடை என்னவாக இருந்தாலும் "ஒன்றும் மிஞ்சுவதில்லை" என்று இனிச் சொல்ல முடியாது. ஆவியாக்கிய பின் கிடைக்கும் கலப்பு உப்பு சுத்திகரிப்பு நிலையங்களில் குவிவது தோல் தொழிலின் உண்மையான தலைவலி. இதைக் கண்டுபிடிக்கக் கேட்பவருக்குத் தேவைப்பட்டது வசனத் திறமை அல்ல. தோல் எப்படிப் பதமாகிறது என்ற அறிவு. ஊறல், சுண்ணாம்பு, குரோம், சாயம் என்று ஆலைக்குள் வேலை நடக்கும் வரிசையை இங்கே பல வீடுகளில் அப்பாவோ சித்தப்பாவோ சொல்லித் தருவார்கள்.

இந்த இடத்தில் பலர் செய்யும் பிழை, "அப்படியானால் நீங்கள் சொன்னது பொய்தானே?" என்று ஆறாவதாக ஒன்றைக் கேட்பது. அது எதிரணிக்கு விளக்கம் சொல்ல வாசல் திறந்து விடும். முடிவைச் சொல்லும் இடம் கேட்பவரின் சொந்தப் பேச்சு. விசாரணையில் செங்கல் எடுத்து வைத்தால் போதும், சுவர் கட்டுவது பிறகு.

பதில் சொல்பவர் நிலை? அவர் மழுப்பத் தேவையே இல்லை. "கலப்பு உப்பு சேர்கிறது, உண்மைதான். ஊறப் போடுவதற்கு முன்பே உப்பை உதறி எடுத்துவிட்டால் தண்ணீரில் இறங்குவது குறையும். அதைப் புதிய ஆலைகளுக்கு நிபந்தனையாக்கலாம். இருக்கிற ஆலைகளை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் தடுக்கும் உங்கள் தீர்மானம், இன்று சேரும் உப்பில் ஒரு கிலோவையாவது குறைக்குமா?" ஒப்புக்கொண்டார், வழி சொன்னார், பொறுப்பைத் தீர்மானம் கொண்டுவந்தவர்கள் மேல் திருப்பினார். கடைசியில் உள்ள எதிர்க் கேள்வி தப்பிக்கும் கேள்வி அல்ல. விடை சொல்லிவிட்ட பிறகு கேட்டது.

குரோமியம் பற்றிப் பேசுபவர்கள் இன்னொரு பள்ளத்தைக் கவனிக்க வேண்டும். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் தொழிற்சாலை வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்த கழிவில் உள்ளது ஆறிணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் என்று அறியப்பட்டது அது. டேனரியில் தோல் பதனிடப் போடுவது மூவிணைதிறன் குரோமியம். இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்டால், வேதியியல் படித்த எதிரணி மாணவர் ஒரே வரியில் கேள்வியையும் கேட்டவரையும் உட்கார வைத்துவிடுவார். ராணிப்பேட்டையைப் பற்றிக் கேட்க வேண்டியதை ராணிப்பேட்டையைப் பற்றியே கேட்க வேண்டும். அதற்கே நிறைய இருக்கிறது.

பதில் சொல்பவருக்கு

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்வது பலவீனம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அந்த 1996 தீர்ப்பின் நடையே இதற்குப் பாடம். தோல் தொழில் நாட்டுக்கு மிக முக்கியமானது, அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது, பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறக்குறைய 80 சதவீதம் தமிழ்நாட்டிலிருந்து போகிறது என்று எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை அதுவே முழுதாகச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான், அதற்காகச் சூழலைக் கெடுக்கும் உரிமை அந்தத் தொழிலுக்கு இல்லை என்கிறது. எதிர்வாதத்தைக் குறைத்துச் சொல்லியிருந்தால் அந்த முடிவுக்கு இத்தனை கனம் வந்திருக்காது.

வேலைவாய்ப்புக் கேள்வி இந்தப் பகுதியில் எந்த மேடையிலும் வரும். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகும் பெண்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். "ஆலையை மூடினால் அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்?" என்று கேட்டால் அரங்கமே கனத்துப்போகும். நியாயமான கவலை அது. பதில் சொல்பவர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஆனால் கேள்வியில் இரண்டு தொழில்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்காட்ட வேண்டும். "அந்தப் பெண்களில் பெரும்பாலோர் போவது ஷூ கம்பெனிக்கு. அங்கே நடப்பது வெட்டுவதும் தைப்பதும் ஒட்டுவதும். ஆற்றைப் பாதிக்கும் தண்ணீர் பெரும்பாலும் வருவது பச்சைத் தோலை ஊறவைத்துப் பதனிடும் கட்டத்திலிருந்து. எங்கள் தீர்மானம் இரண்டாவதைப் பற்றியது." எதிரணி உடனே, பதனிட்ட தோல் பக்கத்திலேயே கிடைப்பதால்தானே ஷூ கம்பெனிகள் இங்கே இருக்கின்றன என்று மடக்கும். அதற்கும் விடை யோசித்து வைத்திருப்பவரே உண்மையில் தயாரானவர்.

"நஷ்டஈடுதான் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன?" என்ற கேள்விக்குக் கோபத்தைவிடக் கணக்கு நன்றாகப் பதில் சொல்லும். தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று தந்த உத்தரவில் பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், கொடுக்க வேண்டிய ஆலைகள் 547, மொத்தத் தொகை சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி 9,200 ரூபாயை எட்டவில்லை. அதுவும் எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்திருந்தால் 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டிருக்க வேண்டியதில்லை. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, இன்னும் தொகை பெறாதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுக்கவும், அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. இந்த எண்களைச் சொல்லி, "சராசரி எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்" என்று ஒரு விநாடி நிறுத்தினால் போதும். அரங்கம் மனசுக்குள் வகுத்துக்கொண்டிருக்கும்.

தெரியாததற்குத் "தெரியாது" என்பதே பதில். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. "அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. என் வாதம் அதை நம்பி நிற்கவில்லை, அது நிற்பது இந்தக் காரணத்தில்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஊகித்து ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால், அடுத்த பேச்சாளர் அதையே பிடித்துக்கொண்டு மற்ற உண்மைகளையும் சந்தேகத்துக்கு இழுத்துவிடுவார்.

இரண்டு கேள்வியை ஒன்றாக்கிக் கேட்டால் பிரித்துச் சொல்லிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். "எப்போதிலிருந்து கழிவை ராத்திரியில் திறந்து விடுகிறீர்கள்?" என்பது போலக் குற்றத்தை உள்ளே மடித்து வைத்துக் கேட்டால், எப்போது என்பதைத் தொடவே கூடாது. "திறந்து விடுகிறார்கள் என்பதற்கு முதலில் ஆதாரம் வேண்டும்" என்று மடிப்பைப் பிரித்துக் காட்ட வேண்டும். நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் விடையை உள்ளேயே வைத்துக் கேட்க 1872 சாட்சியச் சட்டத்தின் 143ஆம் பிரிவே இடம் தந்தது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் நிரூபிக்காத குற்றத்தையும் சேர்த்து உள்ளே வைக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்கு அங்கேயும் ஆட்சேபணை எழும்.

மேடைக்கு வெளியே

இந்தப் பயிற்சி கோப்பையோடு முடிவதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் தோல் பதனிடும் தொழிலும் இருக்கிறது. விதிவிலக்கு பெற்றவை தவிர, அந்த அறிவிக்கையின்படி அனுமதி கேட்கும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் கூடுதல் ஆட்சியர் நிலையில் உள்ளவரோ தலைமை தாங்குவார். 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். வந்திருக்கும் எவரும் திட்டம் கொண்டுவருபவரிடம் விவரமோ விளக்கமோ கேட்கலாம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் இல்லை.

அங்கே பெரும்பாலும் நடப்பது, ஆளுக்கு ஐந்து நிமிடம் மைக்கில் வேதனையைக் கொட்டிவிட்டு இறங்குவது. வேதனை உண்மையானது. ஆனால் பதிவேட்டில் அது "எதிர்ப்புத் தெரிவித்தார்" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. அதே ஐந்து நிமிடத்தில் மூன்று கேள்வி கேட்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எங்கிருந்து எடுப்பீர்கள்? கலப்பு உப்பை எங்கே வைப்பீர்கள், மழைக்காலத்தில் அதற்கு என்ன பாதுகாப்பு? சுற்றியுள்ள கிணறுகளின் இன்றைய உப்பளவை யார், எந்தத் தேதியில் எடுத்தார்கள்? 1 கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்று 1996 தீர்ப்பில் இருப்பதைக் கையில் வைத்துக்கொண்டால், முதல் கேள்விக்கு வரும் பதிலை அங்கேயே சரிபார்க்கலாம்.

கேள்விகளை முன்கூட்டியே எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தலைமை தாங்கும் அதிகாரியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. மைக்கில் கேட்கும்போது கேள்விக்கு எண் சொல்லிக் கேட்க வேண்டும். கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் எல்லோர் முன்னிலையிலும் படித்து விளக்க வேண்டும் என்பது விதி. அதுவரை யாரும் எழுந்து போகக் கூடாது. படிக்கும்போது தன் கேள்வியும் அதற்கு நிறுவனத்தார் சொன்ன பதிலும் உள்ளபடியே வருகின்றனவா என்று கவனித்து, விட்டுப்போயிருந்தால் ஆட்சியர் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுந்து எண்ணைச் சொல்லிச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.